முழுக் காற்றில் சாகாத கன்வெர்ட்டர்

காற்றாலைகளுக்கான கன்வெர்ட்டர், அதாவது ஜெனரேட்டரின் மின்சாரத்தை மின்தொகுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் மின்னணுச் சாதனம், வடிவமைப்பது என் தொழில் என்று சொன்னால், கேட்பவரின் அடுத்த கேள்வி பெரும்பாலும் "எத்தனை மெகாவாட்?" என்பதுதான். கேள்வியில் பிழையில்லை, விலைப்புள்ளியும் பெயர்ப்பலகையும் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்கின்றன. ஆனால் ஆடி மாதத்து முழுக் காற்றில், எந்திரம் தன் முழுத் திறனில் ஓடும்போது, கன்வெர்ட்டருக்குப் பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை. மின்னோட்டம் அதிகம், வெப்பமும் அதிகம்; ஆனால் இரண்டும் நிலையாக இருப்பதால் கணக்குக்குள் அடங்குகின்றன, குளிர்விக்கும் நீர் வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. வடிவமைப்பைத் தீர்மானிக்கும் நேரங்கள் வேறு. அவற்றில் சிலவற்றின்போது காற்றே இருக்காது.

தமிழ்நாட்டுக்குக் காற்றாலைகள் கன்வெர்ட்டர் இல்லாமல்தான் வந்தன. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986இல் செயல்விளக்கப் பண்ணை அமைந்தது. அடுத்த பத்தாண்டில் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் 225, 250 கிலோவாட் எந்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் ஜெனரேட்டர் நேரடியாக மின்தொகுப்போடு பிணைக்கப்பட்டிருந்ததால், 50 ஹெர்ட்ஸ் எந்த வேகத்தைக் கட்டளையிடுகிறதோ அந்த வேகத்திலேயே, காற்று எப்படி வீசினாலும், எந்திரம் சுற்றியாக வேண்டும். கணவாய்க்குள் திடீரென்று ஒரு வீச்சு அடித்தால், அதன் அழுத்தம் முழுவதும் கியர்பாக்ஸின் பற்களில்தான் இறங்கும். அதோடு இந்தத் தூண்டல் ஜெனரேட்டர்கள் தமக்கு வேண்டிய காந்தப்புலத்துக்காகத் தொகுப்பிலிருந்து வினைத்திறனை (வேலை எதுவும் செய்யாமல் போய்வந்துகொண்டிருக்கும் மின்திறன், reactive power) இழுத்துக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டர்களைக் கட்டி அதைச் சமாளித்தார்கள். சமாளிக்க முடியாத பகுதிக்கு மின்வாரியம் கட்டணம் வசூலித்தது. அந்தக் காலத்து எந்திரங்களை இன்று பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அவற்றில் பல தம் எளிமையாலேயே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடின. ஆனால் இரண்டு மெகாவாட் எந்திரத்தை அப்படிக் கட்ட முடியாது.

வேகம் மாற இடம் கொடுத்தாக வேண்டும் என்றானதும், மலிவான வழியாகக் கிடைத்தது இரட்டை ஊட்டத் தூண்டல் ஜெனரேட்டர். அதன் அசையாத பகுதியான ஸ்டேட்டர் நேரடியாகத் தொகுப்போடு இணைந்திருக்கும். சுழலும் பகுதியான ரோட்டாரின் சுருள்கள் மட்டும் ஸ்லிப் ரிங் என்னும் உரசு வளையங்கள் வழியே கன்வெர்ட்டருக்கு வரும். நான்கு துருவ எந்திரத்தின் ஒத்தியங்கு வேகம், அதாவது 50 ஹெர்ட்ஸோடு ஒத்துச் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டார் 1950 சுற்றில் ஓடும்போது ஸ்டேட்டர் கொடுப்பது ஒரு பங்கு என்றால் ரோட்டார் கொடுப்பது அதில் 0.3 பங்கு, ஆக, இரண்டு மெகாவாட்டில் ஏறத்தாழ 1.54 மெகாவாட் ஸ்டேட்டர் வழியாகவும் 0.46 மெகாவாட் கன்வெர்ட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. கால் பங்குக்கும் குறைவான கன்வெர்ட்டரைக் கொண்டு முழு எந்திரத்தையும் ஆளலாம் என்ற இந்தச் சிக்கனம்தான் பல ஆண்டுகள் சந்தையைக் கையில் வைத்திருந்தது. இந்தச் சிக்கனத்துக்கான விலையை எந்திரம் இரண்டு இடங்களில் திருப்பிக் கேட்கிறது.

முதல் இடம் அந்த 1500 சுற்றேதான். ரோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தின் அதிர்வெண், ரோட்டாரின் வேகத்துக்கும் ஒத்தியங்கு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. 1470 சுற்றில் அது ஒரு ஹெர்ட்ஸ். 1500இல் பூஜ்யம், அதாவது நேர்மின்னோட்டம். கன்வெர்ட்டருக்குள் மின்னோட்டத்தை வெட்டி இணைக்கும் மின்னணுச் சுவிட்ச்தான் ஐஜிபிடி. தொகுப்பின் பக்கம் உள்ள ஐஜிபிடி ஒவ்வொன்றும் 50 ஹெர்ட்ஸில் பத்து மில்லிநொடி சுமக்கிறது, அடுத்த பத்து மில்லிநொடி ஓய்வெடுக்கிறது. அதற்குள் இருக்கும் சிலிக்கான் சில்லும் (சிப்) அதன் கீழுள்ள அடுக்குகளும் அந்த ஏற்ற இறக்கத்தைத் தமக்குள் சமனாக்கிக்கொள்கின்றன. ஒரு ஹெர்ட்ஸிலோ அதே சில் அரை நொடி முழுவதும் சுமக்க வேண்டும். அரை நொடி என்பது சில்லின் கணக்கில் நீண்ட காலம். அதற்குள் அது ஏறக்கூடிய வெப்பநிலைக்கு ஏறி, அடுத்த அரை நொடியில் இறங்கிவிடுகிறது. சராசரி வெப்பநிலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஹீட் சிங்கில் ஒட்டிய உணரியும் எதையும் காட்டாது; சில்லுக்குள் மட்டும் நொடிக்கொரு அலை போய்க்கொண்டிருக்கும். பூஜ்யத்தை ஒட்டி ரோட்டாருக்குத் தேவையான மின்னழுத்தமும் பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதால், சுமை ஐஜிபிடிக்கும் அதன் கூட்டாளி டையோடுக்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிகிறது. டையோடின் சில் பரப்பில் சிறியது. அது முதலில் களைக்கிறது.

களைப்பு என்று நான் சொல்வது எங்கே நடக்கிறது என்பதை, இந்தச் சில்களை அடைத்து வைத்திருக்கும் மாட்யூலைத் திறந்தால் பார்க்கலாம். சில்லின் மேற்பரப்பில், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள அலுமினியக் கம்பிகள் வளைந்து வளைந்து, மீயொலியால் அழுத்தி ஒட்டப்பட்டிருக்கும். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அலுமினியம் விரிவதில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சிலிக்கான் விரியும். ஒவ்வொரு அலைக்கும் இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கம்பியின் பாதத்தின் ஓரத்தில் தொடங்கும் மயிரிழை விரிசல் உள்நோக்கி நகர்ந்து, ஒரு நாள் கம்பி எழும்பி நிற்கிறது. எழும்பிய கம்பியின் பங்கையும் மீதிக் கம்பிகள் சுமப்பதால் அவை இன்னும் விரைவாகப் போகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் அறிகுறி ஒன்றே: கடத்தும் நிலையின் மின்னழுத்தம் மெல்ல உயரும். அது 5 சதவீதம் உயர்ந்தால் அந்த மாட்யூலின் ஆயுள் முடிந்ததாகச் சோதனைக்கூடங்கள் கணக்கெழுதுகின்றன.

1990களிலிருந்து நடந்த சோதனைகள் காட்டிய விதி ஒன்று உண்டு. தாங்கக்கூடிய சுழற்சிகளின் எண்ணிக்கை, வெப்பநிலை அலையின் உயரத்தோடு ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் தலைகீழாக மாறுகிறது. அலை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரியானால் ஆயுள் பாதியாவதில்லை, முப்பத்திரண்டில் ஒரு பங்காகிறது. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இன்னும் பெரிய ஐஜிபிடி வாங்குவதைவிட மலிவான மருந்துகள் கண்ணில் படும். 1500ஐ ஒட்டிய குறுகிய பட்டையில் எந்திரம் தங்காமல் கடந்துவிடுமாறு வேகக் கட்டுப்பாட்டை எழுதலாம்; காற்றிலிருந்து எடுக்கும் ஆற்றலில் அதனால் வரும் இழப்பு மிகச் சொற்பம். அந்தப் பட்டைக்குள் மட்டும் ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணைக் குறைக்கலாம். காந்தமாக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை ரோட்டாரிடமிருந்து எடுத்து, தொகுப்புப் பக்கக் கன்வெர்ட்டரைக் கொண்டு ஈடுசெய்யலாம். இறக்கைகளின் வேகத்தையும் கியர் விகிதத்தையும் முடிவு செய்யும் கூட்டத்தில் கன்வெர்ட்டர்காரருக்கும் ஒரு நாற்காலி இருந்தால், அந்த மண்ணில் அதிக நேரம் வீசும் காற்றுக்குரிய வேகம் 1500இல் வந்து உட்காராதபடி முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த நாற்காலி பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது என் தொழிலின் தீராத குறை.

இரண்டாவது இடம், தொகுப்பின் மின்னழுத்தம் சரியும் நேரம். ஏதோ ஒரு தொலைதூர ஃபீடரில் மின்னல் இறங்கியோ, கம்பி அறுந்தோ, குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. பாதுகாப்புச் சாதனம் அதை வெட்டிவிடும்வரை சுற்றியுள்ள பகுதி முழுவதும் மின்னழுத்தம் விழுந்து கிடக்கிறது. பழைய எந்திரங்கள் இப்படிப்பட்ட நேரத்தில் கழன்றுகொள்ளும். கழன்றுகொள்வதுதான் அன்றைய விதியும்கூட. பண்ணைகள் பெருகிய பிறகு எல்லாமாகச் சேர்ந்து கழன்றால் தொகுப்பே சாயும் என்பது புரிந்தது. ஜெர்மனி 2003இல் விதியை மாற்றியது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2013இல் திருத்திய தொழில்நுட்பத் தரநிலைகள், மின்னழுத்தம் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 300 மில்லிநொடி வரை எந்திரம் பிணைந்தே நிற்க வேண்டும், அதோடு தொகுப்புக்கு வினை மின்னோட்டமும் ஊட்ட வேண்டும் என்று சொல்கின்றன.

இரட்டை ஊட்ட எந்திரத்துக்கு இது கொடுமையான வேண்டுகோள். ரோட்டார் அசையாமல் நிற்கும்போது அதன் முனைகளில் 1800 வோல்ட் தோன்றும் ஒரு எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 30 சதவீத வேக வித்தியாசத்தில் அது 540 வோல்ட்தான்; 1100 வோல்ட் டிசி லிங்க் (கன்வெர்ட்டரின் நடுவே நேர்மின்னழுத்தத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் பகுதி) உள்ள கன்வெர்ட்டருக்கு எளிதில் எட்டும் அளவு. தொகுப்பு திடீரென்று சரியும்போது, ஸ்டேட்டரின் காந்தப்பாயம் உடனே சரிவதில்லை; சுழல்வதை நிறுத்திவிட்டு இருந்த இடத்தில் உறைந்து, மெல்லத் தேய்கிறது. அந்த உறைந்த புலத்துக்குள் ரோட்டார் முழு வேகத்தில் சுற்றுகிறது. சற்றுமுன்வரை வேக வித்தியாசத்துக்கு மட்டும் மின்னழுத்தம் உண்டானது போய், இப்போது முழு வேகத்துக்கும் உண்டாகிறது. 1800 சுற்றில், 85 சதவீதச் சரிவில், ரோட்டார் முனையில் தோன்றக்கூடியது மீண்டும் 1800 வோல்ட்டை ஒட்டிய அளவு. கன்வெர்ட்டர் அதோடு மல்லுக்கட்ட முடியாது. க்ரோபார் என்னும் மின்தடை (ரெசிஸ்டர்) தொகுதியை ரோட்டாரின் குறுக்கே போட்டு, அந்தப் பாய்ச்சலைத் தணியவிட்டு, விரைவில் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவதுதான் வழி. எவ்வளவு விரைவில் என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் கெட்டிக்காரத்தனம் வேறுபடுகிறது. க்ரோபார் போட்டிருக்கும் நேரம் முழுவதும் எந்திரம் பழைய காலத்துத் தூண்டல் ஜெனரேட்டராகிவிடுகிறது, ஊட்ட வேண்டிய நேரத்தில் வினைத்திறனை உறிஞ்சுகிறது.

எந்திரத்தின் மின்சாரம் முழுவதும் கன்வெர்ட்டர் வழியாகவே போகும் முழுத்திறன் கன்வெர்ட்டரில் இந்த உறைந்த காந்தப்பாயத்தின் தொல்லை இல்லை, ஏனென்றால் ஜெனரேட்டருக்கும் தொகுப்புக்கும் இடையே டிசி லிங்க் நிற்கிறது. தொல்லை அங்கே வேறு உருவில் வருகிறது. காற்றுக்குத் தொகுப்பு சரிந்தது தெரியாது. இறக்கைகளைத் திருப்பிக் காற்றைக் கழிக்க நொடிக்கணக்கில் ஆகும். இரண்டு மெகாவாட் உள்ளே வந்துகொண்டேயிருக்க, வெளிவாசல் சாத்தப்பட்டிருக்கிறது. டிசி லிங்க்கில் 20 மில்லிஃபாரட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1100 வோல்ட்டிலிருந்து 1250க்கு ஏற அதற்கு இரண்டு மில்லிநொடிகூட வேண்டாம். 1700 வோல்ட் தாங்கும் ஐஜிபிடி என்பதால் 1250 பாதுகாப்பான எண்ணாகத் தோன்றும். ஆனால் சில ஆயிரம் ஆம்பியரை ஒரு மைக்ரோநொடியில் வெட்டும்போது, மின்னோட்டத்தைச் சுமக்கும் செப்புப் பட்டையான பஸ்பாரில் ஒளிந்திருக்கும் ஐம்பது நானோஹென்றித் தூண்டம் (இண்டக்டன்ஸ்) தன் பங்குக்கு 250 வோல்ட்டை மேலே ஏற்றுகிறது. பஸ்பாரைத் தட்டைத் தகடுகளாக, இடையில் மெல்லிய காப்புத்தாள் மட்டும் விட்டு ஒட்டிச் செய்வது இந்த நானோஹென்றிகளுக்கு அஞ்சித்தான். ஆகவே டிசி லிங்க்கோடு இணைந்த சாப்பர் என்னும் சுவிட்ச் உடனே இயங்கி, வரும் ஆற்றலை மின்தடையில் கொட்ட வேண்டும். 300 மில்லிநொடிக்கு ஏறத்தாழ அரை மெகாஜூலுக்கு மேல். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம், கண் இமைக்கும் நேரத்தில்.

அந்த மின்தடை எத்தனை முறை அடுத்தடுத்துத் தாங்க வேண்டும் என்ற கேள்வியை, ஒப்பந்தப் புள்ளிகளில் நான் தவறாமல் தேடிப் பார்ப்பேன். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் கடும்புயல் மின்தடக் கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்தது. காற்றாலைகள் முதல் சில சரிவுகளை ஒழுங்காகக் கடந்தன. பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுகளுக்கு மேல் கடக்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு மென்பொருளில் எழுதியிருந்த வரம்பு குறுக்கிட்டது. ஒன்பது பண்ணைகள் ஏழு நொடிக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டன. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்காமல் தானாகத் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் இருண்டது. அந்த வரம்பைத் தொகுப்பை இயக்குபவர்கள் அறிந்திருக்கவில்லை. அதன்பின் பல எந்திரங்களில் அந்த எண் எளிதாக உயர்த்தப்பட்டது. எந்த மின்தடையையும் மாற்றாமல் எண்ணை மட்டும் உயர்த்த முடிந்தது என்றால், அது வெப்பக் கணக்கிலிருந்து வந்த எண்ணா, யாரோ ஒரு மதியவேளையில் பத்திரமாக இருக்கட்டும் என்று போட்ட எண்ணா என்பதை வடிவமைப்பவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரிவைப் போலவே ஏற்றமும் உண்டு. அதற்கு இன்னும் போதிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். 690 வோல்ட் எந்திரத்துக்கு 1100 வோல்ட் டிசி லிங்க் வந்ததற்குக் காரணம், பத்து சதவீதம் கூடிய மின்னழுத்தத்தின் உச்சி 1073 வோல்ட் என்பதுதான். 2019ஆம் ஆண்டின் திருத்தம் இணைப்புப் புள்ளியில் 130 சதவீதம் வரை 200 மில்லிநொடி நிற்கச் சொல்கிறது. அதன் உச்சி 1268 வோல்ட். அது அப்படியே எந்திரத்தின் முனைக்கு வந்தால், ஐஜிபிடிகளை அணைத்து வைத்தாலும் டையோடுகள் வழியே டிசி லிங்க் தானாக நிரம்பும். தடுக்க வால்வு கிடையாது. தொகுப்பிலிருந்து வினை மின்னோட்டத்தை இழுத்து, கன்வெர்ட்டருக்கும் தொகுப்புக்கும் இடையே அலையைச் சீராக்கும் ஃபில்டர் சுருளில் சில பத்து வோல்ட்டுகளை இறக்கிவிடுவதே கையில் இருக்கும் உபாயம்.

ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தனிக் கட்டுரைக்குரியது. வலுவான தொகுப்பில் ஃபில்டரோடு சேர்ந்து அழகாக வேலை செய்யும் கட்டுப்பாடு, வலுவிழந்த தொகுப்பில் ஊசலாடத் தொடங்கும். 2019 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தில் மின்னல் தாக்கியபோது, ஹார்ன்சீ கடல் காற்றாலைப் பண்ணை தன் வினைத்திறன் கட்டுப்பாட்டின் ஊசலாட்டத்தால் 737 மெகாவாட்டை இழந்தது. வேறு இழப்புகளும் சேர்ந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. அதேபோல கன்வெர்ட்டரின் வேகமான ஸ்விட்ச்சிங் ஜெனரேட்டரின் தண்டில் மின்னழுத்தத்தைத் தூண்டி, அது பேரிங்கின் எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாய்ந்து, ஓடுதளத்தில் வரிவரியாகப் பள்ளம் பறிக்கும். காப்பிட்ட பேரிங்கும் தண்டுக்கு ஒரு நில இணைப்புத் தூரிகையும் இதற்குப் போதும். தூரிகை தேய்ந்ததை யாராவது மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

இத்தனை கணக்கையும் போட்டு முடித்த பிறகு, களத்திலிருந்து திரும்பிவரும் மாட்யூல்களைத் திறந்தால், கணக்கு சொன்ன இடத்தில் பழுது இருப்பதில்லை. கம்பிகள் பாதத்தோடு உறுதியாக ஒட்டியிருக்கின்றன. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தினர் உலகின் பல பகுதிகளிலிருந்து பழுதான மாட்யூல்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதையே கண்டார்கள்: எல்லோரும் அஞ்சிய வெப்பக் களைப்பின் தடயம் அரிது, ஈரமும் படிந்த அழுக்கும்தான் முதன்மைச் சந்தேகத்துக்குரியவை. நான் திறந்து பார்த்த ஒரு மாட்யூலில், சில்லின் ஓரத்தைச் சுற்றி ஓடும் காப்பு வளையத்தின் ஒரு மூலையில் மட்டும் அலுமினியம் சாம்பல் நிறத்தில் பொரிந்திருந்தது. அங்கிருந்து கருத்த தடம் ஒன்று வெளிவிளிம்பை நோக்கிப் போயிருந்தது. மேலே ஊற்றியிருந்த சிலிக்கோன் ஜெல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஜெல் நீர்த்துளியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. காற்றிலுள்ள ஈரம் சில நாட்களில் அதற்குள் புகுந்து சில்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு பருவமழையையும் வாங்கும் மண். தென்மேற்குப் பருவத்தில் காற்றும் சாரலும் சேர்ந்தே வருவதால், எந்திரம் ஓடும் சூட்டில் அலமாரி உலர்ந்திருக்கும். ஆபத்து ஐப்பசிக்குப் பிறகு. மழை உண்டு, காற்று இல்லை. எந்திரம் நாள்கணக்கில் நிற்கும். குளிர்விக்கும் நீர் குழாயோடு சேர்ந்து இரவில் குளிர்ந்து, விடியற்காலையில் அலமாரிக்குள் உள்ள காற்றைவிடக் குளிராக இருக்கும். மாட்யூலின் அடித்தட்டு அந்த நீரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே அலமாரியில் முதலில் வியர்ப்பது அதுதான். அந்த நிலையில் காற்று எழும்பி, எந்திரம் டிசி லிங்க்கை 1100 வோல்ட்டுக்கு ஏற்றினால், மாட்யூல் வாழ்நாளில் சந்திக்கும் மோசமான சில நிமிடங்கள் அவை. ஈரச் சோதனையின் வரலாறும் இதற்குத் துணைபோகவில்லை. 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற புகழ்பெற்ற சோதனை பல்லாண்டு காலம் வெறும் 80 வோல்ட்டில்தான் நடந்தது. மாட்யூலின் தாங்குதிறனில் 80 சதவீத மின்னழுத்தத்தைக் கொடுத்து நடத்தும் சோதனை பின்னாளில்தான் வந்தது. நான் இப்போது அந்தப் பிற்காலச் சோதனையில் தேறாத மாட்யூலை விலை எவ்வளவு குறைந்தாலும் எடுத்துக்கொள்வதில்லை.

மற்றபடி மருந்து எளிமையானது. அலமாரிக்குள் ஒரு ஹீட்டர், நீரோட்டத்தில் ஒரு ஹீட்டர், ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் உணரிகள். அடித்தட்டின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) சில டிகிரி மேலே வரும்வரை டிசி லிங்க்கை ஏற்ற விடாத சில வரி நிரல். எந்திரம் நிற்கும்போது ஹீட்டருக்கு மின்சாரம் தொகுப்பிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், ஃபீடர் நெடுநேரம் போய்த் திரும்பிய காலைகளில் உலர்த்துவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் காற்றும் வீசும். பக்கத்து வயலில் வேறு நிறுவனத்தின் எந்திரம் சுற்றத் தொடங்கியிருக்கும். தன்னுடையது "உலர்த்தல் நடைபெறுகிறது" என்று திரையில் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் உரிமையாளர், அந்த நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லிப் பராமரிப்புப் பொறியாளரை நெருக்குவார். அவர் எனக்கு எழுதுவார். மழைக்காலத்தில் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி இந்த ஒரு நிபந்தனையைப் பற்றியதுதான். காத்திருப்பைக் குறைக்க வேண்டுமானால் ஹீட்டரின் வாட்டைக் கூட்டுங்கள், பனிநிலை வரம்பில் கைவைக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் பதில் எழுதுகிறேன். அந்த வரம்பை களத்தில் மாற்றுவதற்கான கடவுச்சொல்லை இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.